மூன்றாவது இலக்கம்

வேனை வாவிக்குள்ளிருந்து எடுத்தது 2009 செப்டெம்பர் இரண்டாம் திகதி, புதன்கிழமை. நான் அங்கே நிற்கவில்லை. நின்றவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நாவலடிப் பக்கம் ஒரு இறங்குதுறை கட்டுவதற்காகச் சேறு அள்ளிக்கொண்டிருந்த இயந்திரத்தின் வாளியில் முதலில் ஒரு வண்டிச் சில்லு வந்ததாம். பிறகு சங்கிலி போட்டு இழுத்திருக்கிறார்கள். கூரை நசிந்து, கண்ணாடி ஒன்றுகூட இல்லாமல், இருக்கை மட்டத்துக்குச் சேறு நிரம்பி வந்த அந்த வேனின் சாரதி ஆசனத்தில் ஒரு ஆளின் எலும்புகள் கிடந்தன. வேறு எவரும் உள்ளே இல்லை.

அப்போது சுனாமி வந்து நாலு வருசமும் எட்டு மாதமும். யுத்தம் முடிந்து மூன்றரை மாதம்.

எலும்புகளைப் பொலிஸார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். உரிமை கோருபவர்கள் இருபத்தொரு நாளுக்குள் வரவேண்டும். வந்தால் கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம். எவரும் வராவிட்டால் அரச செலவில் அடக்கம் செய்யலாம். இதுதான் நீதிமன்றக் கட்டளை. வேனைக் காத்தான்குடியில் பழைய இரும்பு வாங்கும் முகைதீன்பாவா காக்காவின் வளவுக்குள் கொண்டுவந்து போட்டார்கள்.

வேன் வொக்ஸ்வாகன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த வட்ட முகம் நசிந்தாலும் தெரியும். சுனாமி அன்று காணாமற்போன வொக்ஸ்வாகன் வேன்கள் இரண்டு. ஒன்று நாவலடி மீனவர் சங்கத்தினுடையது. அதை அலை தூக்கிப் போனதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதன் சாரதி மலைநாட்டிலிருந்து வந்து தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர். அவரைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. மற்றது எங்கள் மண்டூர் அழகரத்தினம் மாமாவுடையது.

மாமா அன்று விடிய ஐந்து மணிக்கு வெறும் வேனைப் பாதையில் ஏற்றிக் குருமண்வெளியில் இறங்கினார். பாதை என்பது எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பெயர். பறுவ நாள், முழுநிலவு. கல்லடியில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு முருகன் கோயிலுக்கு வரவேண்டும். கல்லடிக் குடும்பத்தில் எவரும் மிஞ்சவில்லை. ஆகவே மாமா அங்கே போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு கச்சான் கடலை வியாபாரி அன்னப்பூரணி மாமியிடம் வந்து, சோதனைச் சாவடிக்கு அங்கால், புலிகள் இயக்கத்தின் பக்கம், இடது பக்கம் நெளிந்த உங்கள் வேனைக் கண்டேன் என்று சொல்லிவிட்டான். வாகனத்தோடு சாரதியையும் கொண்டுபோவது அந்தக் காலத்தில் புதினமில்லை. மாமி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் அப்படியே இருந்தன. ஒரு திவசமும் செய்யவில்லை. இந்த மே மாதம் எல்லாம் முடிந்த பிறகு, வெலிகந்தை, வவுனியா என்று, பிடிபட்டவர்களை வைத்திருந்த முகாம் முகாமாக மாமாவின் படத்தைக் கொண்டு போகத் தொடங்கினார்.

நான் இதற்குள் வந்தது மேனுகாவால். மேனுகா அவர்களின் ஒரே மகள். என்னோடு மண்டூரில் படித்தவள். இப்போது மட்டக்களப்பில் தங்கி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருசம். நானும் மட்டக்களப்பில்தான் அறை எடுத்து இருக்கிறேன். பகலில் வந்தாறுமூலைக்குக் கிட்ட ஒரு கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞன். பின்னேரம் மோட்டார் வாகன வகுப்பு. காலையில் எங்கள் இருவருக்கும் ஒரே பஸ்.

எங்கள் வகுப்புக்குச் சுனாமிக்குப் பிறகு ஜேர்மனியிலிருந்து கருவிப் பெட்டிகளும் புத்தகங்களும் வந்திருந்தன. அதிலொன்று பழைய வொக்ஸ்வாகன் வாகனங்களின் கைநூல். ஆங்கிலத்தில் இருந்தது. அதில் செசி நம்பரை, அதாவது வாகனத்தின் உடலில் வெட்டியிருக்கும் நம்பரை, வாசித்து அதன் ஆண்டைக் கண்டுபிடிக்கும் அட்டவணையை நான் என் கொப்பியில் பிரதி பண்ணியிருந்தேன். நம்பருக்குப் பத்து இலக்கம். முதல் இரண்டும் எந்த வகை வாகனம் என்று சொல்லும். மூன்றாவது இலக்கம் ஆண்டு. நாலாவது எப்போதும் இரண்டு. மிச்சம் ஆறும் அந்த ஆண்டில் எத்தனையாவதாகச் செய்தது என்ற வரிசை. இதை வைத்து வகுப்பில் இரண்டு வேன்களுக்கு ஆண்டு சொன்னேன். இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு சரியாக இருந்தன. அதோடு எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது.

"நீ நம்பர் பாப்பியாமே," என்றாள் மேனுகா, பஸ்ஸுக்குள்.

"பாக்கலாம். ஆனா பிழைக்கவும் கூடும்."

"உனக்கு எல்லாமே பிழைக்கக் கூடும். பள்ளிக்கூடத்தில விடை எழுதிப்போட்டு அழிச்சு அழிச்சுக் கடதாசி ஓட்டையாக்கினவன்தானே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மாட்ட வேன் வாங்கின கடிதம் கிடக்கு. அதில வருசம் இருக்கு. அந்த வேனில வருசம் என்னெண்டு பாத்துச் சொல்லு. அம்மாக்காக ஒண்டும் சொல்லாத. எனக்காகவும் சொல்லாத. இருக்கிறதைச் சொல்லு."

அவளுக்கு அது அப்பாவின் வேனாக இருக்கவேண்டும். ஐந்து வருசமாக அவள் அம்மாவின் காத்திருப்புக்குள் இருந்தாள். மாமிக்கு அது வேறு யாருடையதாகவாவது இருக்கவேண்டும். இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

பதினொன்றாம் திகதி நான் சேர்த்த தகவல்கள் இவை. இலக்கத் தகடு இரண்டும் இல்லை. பதிவுப் புத்தகம் வேனோடு போய்விட்டது. மாமா இயந்திரத்தை இரண்டு தரம் மாற்றியவர், அதன் நம்பர் உதவாது. கொழும்புக்கு எழுதினால் பதில் வர மூன்று மாதம். மாமியிடம் இருந்த 1992ஆம் ஆண்டுக் கடிதத்தில் '1970ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட வொக்ஸ்வாகன் வேன்' என்று இருந்தது, செசி நம்பர் இல்லை. மீனவர் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பில் தங்கள் வேன் 1971இல் தயாரிக்கப்பட்டது என்று இருந்தது, அதிலும் செசி நம்பர் இல்லை. ஆகவே ஒரு கேள்விதான். 1970ஆ, 1971ஆ.

பதின்மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை முகைதீன்பாவா காக்காவின் வளவுக்குப் போனேன். மாமியும் மேனுகாவும் வந்திருந்தார்கள். மாமி உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே வேப்ப மரத்தின் கீழ் குடையைப் பிடித்துக்கொண்டு, றோட்டைப் பார்த்தபடி நின்றார்.

செசி நம்பர் பின்பக்கம், இயந்திர அறைக்குள் வலது பக்கத் தகட்டில் வெட்டியிருக்கும். தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டால்தான் எட்டும். சேறு கல்லாகக் காய்ந்திருந்தது. மரக் குச்சியால் கிளறி, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, பல் துலக்கும் பிறஸ்ஸால் தேய்த்தேன். இரும்புக் கம்பி போட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

முகைதீன்பாவா காக்கா ஒரு டயரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மனே, பல்லு விளக்கிறாய். மறுகா முகமும் கழுவிப் பவுடர் போடுவியா?"

"மெதுவாத்தான் செய்யோணும் காக்கா."

"செய். ஆனா இதை நான் வெட்டி ஏத்தோணும். லொறி மாசக் கடைசியில வருது. பொலிஸ் எடுத்திட்டுப் போ எண்டு துண்டும் தந்திட்டானுகள்." பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். "அந்தப் புள்ளைட உம்மாதானா அது? கதிரை ஒண்டு கொண்டு போய்க் குடு புள்ள. நாமளும் சுனாமியில ரெண்டு பேரைக் குடுத்தவங்கதான். ரெண்டு பேர்ட மையத்தையும் கண்டம். அது பெரிய காரியம், தெரியுமா? கண்டு அடக்கினது."

மேனுகா கதிரையைக் கொண்டுபோனாள். மாமி அதில் இருக்கவில்லை.

நம்பர் மெல்ல மெல்ல வந்தது. சோக்குத் தூள் பூசித் துடைத்தபோது வெட்டுக்குள் வெள்ளை நின்றது. 2, 3, பிறகு ஒரு நேர்க் கோடு. அதன் தலையில் ஒரு மூக்கு. ஜேர்மன்காரரின் ஒன்றுக்கு மூக்கு நீளம். தேய்ந்த ஏழும் அப்படித்தான் இருக்கும். ஏழு என்றால் 1977. அது இரண்டு வேனுமே இல்லை. கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்தேன். போதாது என்று இன்னொன்று. மொத்தம் ஐந்து. எட்டாவது இடத்தில் ஒரு ஏழும், ஒன்பதாவது இடத்தில் இன்னொரு ஏழும் இருந்தன. அந்த ஏழுகளின் கால் சாய்ந்திருந்தது. மூன்றாவது இலக்கத்தின் கால் சாயவில்லை. ஐந்து கடதாசியையும் வெயிலில் பிடித்து ஒப்பிட்டேன். ஒன்றுதான்.

2312031774.

என் கொப்பியைத் திறந்தேன். அட்டவணையில் 0 என்றால் 1970, 1 என்றால் 1971.

மாமிக்கு ஆறுதல் சொல்ல ஆசைப்பட்டு நான் ஒன்றைக் காண்கிறேனோ என்ற பயம் எனக்கு இருந்தது. அதனால் மேனுகாவைக் கூப்பிட்டு, நான் கண்டதைச் சொல்லாமல், உள்ளே பார்த்து வாசிக்கச் சொன்னேன். அவள் தலையை விட்டு, நிறைய நேரம் பார்த்து, இலக்கம் இலக்கமாக வாசித்தாள். அவளும் ஒன்று என்றுதான் சொன்னாள். அதன் பொருள் அவளுக்கு முன்பே தெரியும். அட்டவணையை பஸ்ஸில் காட்டியிருந்தேன். சேறு பட்ட கையைச் சட்டையில் துடைக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேலிக்கு வெளியே போனேன்.

"மாமி, இந்த வேன் எழுபத்தொண்டு. மாமாட வேன் எழுபது. இது சங்கத்து வேன்."

மாமி என் முகத்தைப் பார்த்தார். "வடிவாப் பாத்தியா மனே?"

"அஞ்சு தரம் பாத்த."

"அப்ப உள்ளுக்க இருந்த ஆள்?"

"சங்கத்துச் சாரதியாத்தான் இருக்கோணும்."

"பாவம்," என்றார் மாமி. "ஆரும் இல்லாத மனுசன்." பிறகு மேனுகாவைப் பார்த்து, "நான் சொன்னன்தானேகா," என்றார். அப்போதுதான் கதிரையில் இருந்தார். முகைதீன்பாவா காக்கா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய தேநீரை முழுவதும் குடித்தார்.

மேனுகா பஸ் வரும்வரை கையில் காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்ததும், "சரி. அப்ப அப்பா இன்னும் வரேல்ல," என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

கிராம சேவையாளர் எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். செசி நம்பர், நான் வாசித்த முறை, அட்டவணை, முடிவு. 'மேற்படி வேன் மண்டூரைச் சேர்ந்த அழகரத்தினம் அவர்களுடையதல்ல' என்பது கடைசி வசனம். கீழே என் பெயர், நிதுர்ஷன் என்று முழுவதுமாக. மாமி ஒரு பிரதி கேட்டார். முகாம்களில் காட்டவேண்டும் என்றார். உங்கள் புருசன் சுனாமியில் போயிருப்பார் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களிடம் நீட்ட இப்போது ஒரு கடிதம் இருக்கும்.

இருபத்தொரு நாள் முடிந்தது. எவரும் உரிமை கோரவில்லை. செப்டெம்பர் இருபத்தெட்டாம் திகதி திங்கட்கிழமை எலும்புகளை அடக்கம் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று இரவு கொப்பியில் அதை ஒரு வரியில் எழுதி, கீழே கோடு போட்டு, விஷயத்தை முடித்தேன்.

ஒக்டோபர் இருபத்திரண்டாம் திகதி வியாழக்கிழமை அலுவலகத்தில் சனம். விதைப்புக் காலம். எந்த வயல் வட்டையில் யார் எத்தனை ஏக்கர் செய்கிறார்கள் என்று படிவம் நிரப்பவேண்டும். ஏறாவூர்க் கச்சி முகம்மது காக்காவும் ஆச்சிப்பிள்ளை என்ற வயற்காரப் பெண்மணியும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். அவர்களின் காணிகள் பக்கத்துப் பக்கம். வாய்க்கால் தண்ணீரால் எப்போதும் சண்டை.

"இவட படிவத்தில 2009 எண்டு போட்டிருக்கு, என்ட படிவத்தில 2010 எண்டு கிடக்கு," என்றார் காக்கா. "என்ன மனே, எனக்கு மட்டும் ஒரு வருசம் பிந்தி விளையுமா?"

"இவருக்கு எல்லாம் பிந்தித்தான்," என்றார் ஆச்சிப்பிள்ளை. "என்ட வரம்பை வெட்டித் தண்ணி விடுற மட்டும் முந்தி."

முதல் நாள் களைப்பில் நான்தான் இரண்டு விதமாக எழுதியிருந்தேன். "ரெண்டும் பிழை," என்றேன். "2009/2010 பெரும்போகம் எண்டு போடோணும். ஐப்பசியில விதைச்சு மாசியில வெட்டுறபடியா ரெண்டு வருசமும் வரும்."

"அப்ப இந்த நெல்லு எந்த வருசத்து நெல்லு?"

"வெட்டுற வருசத்துப் பேர்தான் காக்கா சொல்லுவாங்க. ஆனா விதைச்சது முதல் வருசம்."

சொல்லிவிட்டு அந்தச் சரிவுக் கோட்டைப் போட்டேன். போடும்போது கை நின்றது. கைநூலின் அட்டவணையில் இப்படிச் சரிவுக் கோடுகள் இருந்தன. மூன்றாவது நிரலில். ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஆண்டு. நான் பிரதி பண்ணும்போது அந்த நிரலை விட்டுவிட்டேன். எந்தக் காலத்தில் விற்றார்கள் என்பதாக்கும் என்று நினைத்தேன். இரண்டு நிரல் என்றால் பக்கத்தில் அழகாக நின்றது. மூன்றாவதைச் சேர்த்தால் கோடு இடித்தது. அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

பின்னேரம் வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் போய், பாடம் நடத்தும் விஜிதரன் சேரிடம் அலுமாரித் திறப்பை வாங்கிக் கைநூலை எடுத்தேன். 1 என்ற இலக்கத்துக்கு நேரே, மூன்றாவது நிரலில், 8/70–7/71. அந்தத் தொழிற்சாலையின் ஆண்டு தை மாதம் தொடங்குவதில்லை. ஓகஸ்டில் தொடங்கி அடுத்த வருசம் ஜூலையில் முடிகிறது. 1970 ஓகஸ்டில் செய்த வேனுக்கும் அவர்கள் 1 என்றுதான் வெட்டுவார்கள். ஆனால் இங்கே பதிவுக் காகிதத்தில் அது 1970இல் தயாரித்த வேன்.

அப்படியானால் 1 என்பது இரண்டு வேனுக்கும் பொருந்தும். மிச்சத்தைச் சொல்லக்கூடியது கடைசி ஆறு இலக்கம். பக்கத்தைப் புரட்டினேன். அந்த ஆண்டு 000001இல் தொடங்கியிருந்தது. டிசெம்பர் முடியும்போது வரிசை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1971இல் செய்த எந்த வேனும் ஒரு லட்சத்துக்கு மேலேதான் வரமுடியும். எங்கள் வேன் 031774. ஒக்டோபர் முடிவதற்குள் செய்தது. 1970.

சங்கத்து வேன் 1971இல் தயாரித்தது. இந்த நம்பர் அதற்கு வரவே முடியாது.

விஜிதரன் சேரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "ஓம்," என்றார். "இந்த நிரலைப் பாக்காம எப்படி மற்ற ரெண்டு வேனுக்கும் சரியாச் சொன்ன?"

"அது ரெண்டும் பங்குனியில செஞ்சது சேர். எந்தக் கணக்கில பாத்தாலும் ஒரே வருசம்."

அவர் புத்தகத்தை மூடினார். அன்று பாடம் நடந்தது. நான் குறிப்பு எடுத்தேன். என்ன எழுதினேன் என்று இப்போது வாசித்தால் எனக்கு விளங்கவில்லை.

ஒவ்வொரு இலக்கத்தையும் சந்தேகித்தேன். என் கண்ணை, என் ஆசையை, துருவை, பென்சிலைச் சந்தேகித்தேன். என் கையால் கோடு போட்டு அழகாக எழுதிய அட்டவணையை ஒரு தரமும் சந்தேகிக்கவில்லை.

சனிக்கிழமை முகைதீன்பாவா காக்காவின் வளவுக்குப் போனேன். வேன் கிடந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் காய்ந்த சேறும் மட்டும்.

"வெட்டி ஏத்தி மூணு கிழமையாகுது மனே. ஏன், மற்றப் பல்லையும் விளக்கவா?"

நான் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு டயரிலிருந்து எழும்பினார். கொஞ்ச நேரம் சாரத்தை அவிழ்த்துக் கட்டினார்.

"எங்க அடக்கினானுகள் எண்டு தெரியுமா?" என்றார். "தெரியாட்டி வா. நான் காட்டுறன்."

நகரத்துக்கு வெளியே ஒரு மயானம். அவருடைய மோட்டார் சைக்கிளில் போனோம். காவல்காரர் பதிவுக் கொப்பியைப் பார்த்தார். செப்டெம்பர் 28, உரிமை கோரப்படாதவை, மூன்று. அன்று மூன்று பெட்டிகள் வந்திருந்தன. ஒரே குழிக்குள் வைத்திருந்தார்கள்.

"மூணில எது வேனில இருந்தது?" என்று கேட்டேன்.

"பெட்டிக்கு மேல சோக்கால நம்பர் போட்டிருந்த தம்பி. ஆனா எந்தப் பெட்டி எந்தப் பக்கம் வெச்ச எண்டு எழுதேல்ல. ஆரும் வந்து கேப்பாங்க எண்டு நினைக்கேல்லையே." அவர் குழிப் பக்கம் கையைக் காட்டினார். ஐப்பசி மழைக்கு மண் இறங்கி, நடுவில் தண்ணீர் தேங்கி நின்றது. "மூணு நாலு கிழமை மழை. சோக்கு நிக்குமா?"

முகைதீன்பாவா காக்கா கையை ஏந்தி ஏதோ ஓதினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பாதையில் மண்டூருக்குப் போனேன். மாமி வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்தது. மாமி முதல் நாள்தான் வெலிகந்தையிலிருந்து வந்திருந்தார். நாலு தரம் மறுத்தவர்கள் இந்த முறை கடிதத்தை வாசித்து, மாமாவின் பெயரை எழுதி எடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே எனக்குப் பலகை எடுத்து வைத்தார். நன்றாக மெலிந்திருந்தார். முகம் மட்டும் தெளிந்திருந்தது. மேனுகா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் வந்த விதத்திலேயே அவளுக்கு ஏதோ விளங்கிவிட்டது போல. அவள் பார்த்த பார்வை அப்படி இருந்தது.

நான் இருக்காமலே சொன்னேன். நான் விட்ட நிரல், ஓகஸ்டில் தொடங்கும் ஆண்டு, கடைசி ஆறு இலக்கம். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று பாதையில் வரும்போது மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அப்படியே சொன்னேன். பிறகு, "அது மாமாட வேன்தான் மாமி," என்றேன்.

மாமி உள்ளே போய்க் கைப்பையை எடுத்து வந்தார். பொலித்தீன் உறைக்குள் நாலாக மடித்திருந்த என் கடிதத்தை விரித்து என் முன்னால் பிடித்தார்.

"இது உன்ட கையெழுத்துத்தானே?"

"ஓம் மாமி."

"இதில நீ என்ன எழுதியிருக்கிறாய்?"

"மாமாட இல்லை எண்டு எழுதியிருக்கன்."

"எழுத்தில இப்பிடிக் கிடக்கு. இப்ப வந்து வாயால வேற சொல்லுறாய். நான் எதை நம்புற? நேத்து பேர் எழுதி எடுத்தவங்களுக்கு நான் என்ன சொல்லுற?"

"பிழையா எழுதிப்போட்டன் மாமி."

"அஞ்சு தரம் பாத்த எண்டு சொன்னாய்."

நம்பரை ஐந்து தரம் பார்த்தது உண்மை.

"அம்மா," என்றாள் மேனுகா.

"நீ சும்மா இரு புள்ள. உனக்கு அவர் செத்தாக் காணும்."

மேனுகா அசையவில்லை. முற்றத்தில் ஒரு கோழி நெல்லுக்குள் ஏறியது, யாரும் விரட்டவில்லை. மாமி கடிதத்தைத் திரும்ப மடிக்கப் பார்த்தார். மடிப்பு சரிவரவில்லை. மூன்றாம் தரம் மடித்தபோது கை நின்றது.

"எங்க வெச்சிருக்காங்க?"

"அடக்கியாச்சு மாமி."

"எந்த நாள்?"

"செப்டெம்பர் இருபத்தெட்டு. திங்கட்கிழமை."

"ஆர் நிண்ட?"

"ஆரும் நிக்கேல்ல."

மாமி விரல் மடித்து எண்ணினார். உதடு அசைந்தது. மேனுகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "இண்டைக்கு இருபத்தெட்டு நாள்," என்றார் மாமி. "அப்ப புதன்கிழமை முப்பத்தொண்டு."

ஐந்து வருசமாக வைக்காத திவசங்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மாமா இறந்த நாளாக அவர் எடுத்துக்கொண்டது, ஒருவரும் நிற்காமல் மண்ணுக்குள் வைத்த அந்தத் திங்கட்கிழமையைத்தான். மூன்று நாளுக்குள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஐயரைப் பிடிக்க வேண்டும், சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். உடுத்த சேலையோடு தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். சாவுச் செய்தி கேட்டால் எங்கள் ஊரில் அப்படித்தான். நாலாவது வாளியோ ஐந்தாவது வாளியோ ஊற்றும்போதுதான் சத்தம் வந்தது. பக்கத்து வளவுகளில் இருந்து பெண்கள் வேலிக்கு வந்தார்கள். மேனுகா ஓடிப்போய் மாமியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள்.

நான் முற்றத்திலேயே நின்றேன். பெண்கள் உள்ளே வந்து, என்ன என்று என்னைக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.

நெற்றியில் ஈரம் வழிய மாமி திரும்பி வந்தபோது பொட்டு இல்லை. என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"புதன்கிழமை நீ வர வேணாம் தம்பி," என்றார்.

இதுவரை என்னை மனே என்றுதான் கூப்பிட்டவர்.

படலைவரை மேனுகா வந்தாள். கை நனைந்திருந்தது. "அப்பாவை எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"நீதிமன்றத்தில கேட்டாத் தோண்ட விடுவாங்க. உன்ட ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. ஆனா அந்தக் குழிக்குள்ள மூண்டு பெட்டி. நம்பர் அழிஞ்சிருக்கும்."

"எது எண்டு உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"அப்ப மூண்டையும் எடுக்கச் சொல்லித்தான் கேக்கோணும். ஏன் முதலே வந்து கேக்கேல்ல எண்டு கேப்பாங்க." அவள் உள்ளே போய் வளாகத்துக் கொப்பியிலிருந்து இரண்டு ஒற்றைகளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "நீ சொன்னதாலதான் நாங்க கேக்கேல்ல எண்டு எழுது. எப்பிடிப் பிழைச்ச எண்டும் எழுது. ஒண்டும் விடாத."

படலைத் தூணில் ஒற்றையை வைத்து எழுதத் தொடங்கினேன். மண்சுவர் மாதிரித் தூண் சொரசொரத்தது. எழுத்து கோணலாக விழுந்தது. முதல் ஒற்றையை அவள் வாங்கி வாசித்தாள். "வடிவா இருக்கோணும் எண்டு இல்ல. விளங்கினாக் காணும்," என்று சொல்லித் திருப்பித் தந்தாள். பக்கத்தில் நின்று, நான் இரண்டாவது ஒற்றையை எழுதி, திகதியும் பெயரும் போட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.